தனுஷ்கோடி இடிபாடுகளைச் சுற்றி ஒரு நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

நான் ராமநாதபுரத்துக்காரன். சின்ன வயதில் முகுந்தராயர் சத்திரத்தில் வேன் ஏறி, மணலில் குலுங்கிக் குலுங்கித் தனுஷ்கோடி போன ஆள். அதனால் போன சித்திரையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்கா, மச்சான், பத்து வயது மருமகள் மூவரையும் அங்கே நடக்கக் கூட்டிப் போனபோது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலை பத்தே முக்காலுக்கு நடக்க ஆரம்பித்தோம். நாலு பேருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எல்லார் காலிலும் ரப்பர் செருப்பு. ஒன்றரை மணி நேரத்தில் அக்காவுக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, ஒரு மீனவர் குடிசை நிழலில் படுக்க வைத்தோம். அந்த வீட்டு ஆச்சி கேட்ட முதல் கேள்வி: "இந்த வெயில்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப்பா போறீக?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை சரியாகத் திட்டமிட்டுப் போய்வந்தேன். அந்த மூன்று நடைகளிலும் கற்றதைத்தான் எழுதுகிறேன். இந்த ஊரை அழித்த 1964 புயல் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். எப்படி நடப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

1. எந்த நடை, எவ்வளவு தூரம்

பழைய தனுஷ்கோடி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இடிந்த தேவாலயம், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு, வடகடல் கரைக்குப் போய், கரையோரமாகக் கிழக்கே நடந்து, தார்ச்சாலையைக் கடந்து தென்கடலுக்கு வந்து, அந்தக் கரை வழியாகவே மேற்கே திரும்பி இறங்கின இடத்துக்கு வருவது. வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடாப் பக்கம். ராமேஸ்வரத்தில் சிலர் முதலாவதைப் பெண்கடல், இரண்டாவதை ஆண்கடல் என்பார்கள். ஆட்டோக்காரரிடம் வழி கேட்கும்போது இந்தப் பெயர்கள் உதவும்.

என் போன் கணக்கில் சுற்று நாலரைக் கிலோமீட்டர் வந்தது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் முதல்முறை ஏமாந்தேன். ஊரில் நாலரைக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுவோம். இங்கே ஈரமில்லாத மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால் வரை இறங்கும். முன்னால் வைத்த காலில் பாதி பின்னால் வழுக்கிவிடும். நிற்கிற நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், குழந்தையோ பெரியவரோ கூட இருந்தால் மூன்று. மரநிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கங்கே சீமைக்கருவேலம் நிற்கும், ஆனால் முள் உதிர்ந்து கிடப்பதால் அதன் அடியில் உட்கார முடியாது.

அரிச்சல்முனைக்கு, அதாவது சாலை முடியும் கடைக்கோடிக்கு, நடந்து போவது வேறு கணக்கு. அது பழைய ஊரிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் அளவில், முழுக்கத் தார்ச்சாலை. அதற்கு பஸ்ஸோ ஆட்டோவோ போதும். கால்களை அதில் வீணாக்காதீர்கள்.

2. மாதமும் காற்றும்

இதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். பள்ளி விடுமுறையைப் பார்த்துக் கிளம்புகிறார்கள், காற்றைப் பார்ப்பதில்லை.

தை, மாசி, பங்குனியின் முதல் பாதி — இதுதான் நடைக்கு ஏற்ற காலம். வெயில் இருக்கும், ஆனால் தாங்கலாம். தண்ணீர் தேங்கிய சதுப்புகளில் பூநாரைகளும் அப்போதுதான் கூட்டமாக இருக்கும்.

சித்திரையும் வைகாசியும் முற்றிலும் வெயில். போகத்தான் வேண்டும் என்றால் காலை எட்டரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும், அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடல் அப்போது மோசமாக இருக்கும், அலை கரையேறி வரும். மணல் பறந்து சாலையையே மூடிவிடும். மண் அள்ளும் இயந்திரம் வைத்து ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். நம் சுற்றில் திரும்பி வருகிற பாதி தென்கடல் கரையில் மேற்கு நோக்கி இருப்பதால், அந்த மணல் நேராக முகத்தில் அடிக்கும். குடை கொண்டுபோகாதீர்கள், ஒரு வீச்சில் மடங்கிவிடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். அப்போது வடகடல் கொந்தளிக்கும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனாம் எண் கூண்டு என்று ஆராய வேண்டாம். பயணத்தைத் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் அன்று போலீஸே உள்ளே விடமாட்டார்கள்.

மாதம் சரியாக இருந்தாலும் தவிர்க்க வேண்டிய நாள்கள் உண்டு. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் தீவு முழுக்கக் கூட்டம். லாட்ஜ் வாடகை ஏறிவிடும், ஆட்டோ கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவதால் விடியற்காலையிலேயே பஸ் நிரம்பிவிடும்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். எல்லைக் கடல் என்பதால் கடற்படை, கடலோரக் காவல்படை, மரைன் போலீஸ் எல்லாருமே இங்கே உண்டு. நடக்கிறவர்களிடம் வழக்கமாக ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கரையோரமாக ஆள் இல்லாத பக்கம் நடந்துகொண்டிருந்தால் நிறுத்திக் கேட்பார்கள், எங்களையும் ஒருமுறை கேட்டார்கள். ஆதார் அசலோ வேறு அரசு அடையாள அட்டையோ ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். குடும்பத்துக்கு ஒருவர் அட்டை போதும் என்று நினைக்காதீர்கள். போனில் படமாக மட்டும் வைத்திருப்பதும் போதாது. சிக்னலும் சார்ஜும் போய்விட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூட வந்தால் அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயம். இலங்கையிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். லாட்ஜில் அறை எடுக்கும்போதே வெளிநாட்டவருக்கான படிவத்தை அவர்கள் பதிய வேண்டும். அதைப் பதிந்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் போனால் ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும். வாடகை ஸ்கூட்டர் எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சிலர் சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியையே வாடகைக்குத் தருகிறார்கள். மாசியில் நான் எடுத்த வண்டி அப்படிப்பட்டதுதான், இன்சூரன்ஸும் முடிந்திருந்தது. சோதனைச் சாவடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். காலையின் நல்ல நேரம் முழுக்க அங்கேயே போய்விட்டது.

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். பறிமுதல், விசாரணை என்று ஒரு நாள் போய்விடும்.

4. ராமேஸ்வரம் வருவதும் அங்கிருந்து கிளம்புவதும்

சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில் இரண்டும் இரவு வண்டிகள். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு வண்டிகள் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகின்றன. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். தை, மாசி வார இறுதியில் போவதானால் முன்பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். மதுரையிலிருந்து பஸ் என்றால் நாலு மணி நேரம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், பஸ்கள் அடிக்கடி உண்டு.

ரயிலில் இறங்கிய அன்றே நடக்கப் போகாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்புக்கு வெயில் சீக்கிரம் ஏறும். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு அதே ஈரத்துணியோடு நேராக வருவதும் வேண்டாம். உப்பும் ஈரமும் மணலும் சேர்ந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். கோயிலுக்கு ஒரு நாள், நடைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் பஸ் நிலையத்திலிருந்து தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் உண்டு. முந்தின நாள் மாலையே பஸ் நிலையத்துக்குப் போய் மறுநாள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். லாட்ஜில் சொல்லும் நேரம் பல சமயம் பழைய நேரம். ஏறியதும் "பழைய தனுஷ்கோடி சர்ச்சுக்கிட்ட இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். தனுஷ்கோடி என்று மட்டும் சொன்னால் அரிச்சல்முனையில்தான் கொண்டுபோய் இறக்குவார்.

சாவடியில் காலை ஆறு மணி அளவிலிருந்து வண்டிகளை விடுகிறார்கள். மாலை ஐந்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் எழும், ஜூனில் ஆறுக்கு முன்பே. ஆகவே தை, மாசியில் ஏழு மணிக்குள் மணலில் கால் வைத்தால் வெயில் உறைக்கும் முன் பாதிச் சுற்று முடிந்திருக்கும். முதல் பஸ் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காமல் ஆட்டோ பிடியுங்கள். இந்த நடையில் காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம் காசைவிட மதிப்பானது.

5. செலவு

நடப்பதற்கு டிக்கெட் என்று ஒன்றும் நாங்கள் வாங்கவில்லை. போக்குவரத்துதான் செலவு. பஸ்ஸில் ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. ஆட்டோவுக்குப் போக வர, காத்திருப்பு சேர்த்து 1,000 ரூபாய் கொடுத்தோம். முதலில் 1,400 கேட்டார்கள். பேசும்போது "சர்ச்சில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு அரிச்சல்முனை, திரும்பும்போது கோதண்டராமர் கோயில்" என்று மொத்தத்தையும் சொல்லிப் பேசுங்கள். காத்திருப்பைச் சொல்லாமல் பேசினால் திரும்பி வந்ததும் தகராறுதான். முழுப் பணத்தையும் முதலில் கொடுக்காதீர்கள்.

வாடகை ஸ்கூட்டருக்கு நாளுக்கு 500 ரூபாய் கொடுத்தேன், பெட்ரோல் தனி. டாங்கை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிவிடுங்கள். வண்டி நிறுத்தவோ உள்ளே நுழையவோ கட்டணம் கேட்டால் கொடுங்கள், ஆனால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

பணம் ரொக்கமாக, சில்லறையாக இருக்கட்டும். போன் வழியாக அனுப்பிவிடலாம் என்று நம்பி நான் ஒருமுறை இருநூறு ரூபாய் மீன் வறுவலுக்கு அரை மணி நேரம் சிக்னல் தேடினேன்.

6. காலில் என்ன, பையில் என்ன

கணுக்காலை மூடும் கான்வாஸ் ஷூவும் உயரமான சாக்ஸும். செருப்பு வேண்டாம், வெறுங்கால் வேண்டவே வேண்டாம். மணல் மேட்டில் உருண்டையாகப் புதர் புதராக நிற்கும் புல் ஒன்று இருக்கிறது, ராவணன் மீசை என்பார்கள். ஒவ்வொரு இலையும் ஊசி. பார்க்க வைக்கோல் போல மெத்தென்று தெரியும். மருமகள் ஓடிப்போய் அதன் மேல் உட்காரப் பார்த்தாள். பின்தொடையில் நுனி முறிந்து உள்ளே நின்ற ஐந்தாறு முள்ளை எடுக்க அன்று இரவு வரை ஆனது. ஒரு இடுக்கி கொண்டுபோங்கள். கரையில் அறுந்த வலைத் துண்டு, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் மணலில் புதைந்து கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், குழந்தைக்கும் ஒன்றரை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூடவே உப்பு போட்ட நீர்மோர் ஒரு பாட்டிலும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலும். சாப்பிட வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். வயிறு முட்ட இட்லி சாப்பிட்டுவிட்டு மணலில் நடப்பது கஷ்டம்.

ஒரு பருத்தித் துண்டை நனைத்துத் தலையிலும் பிடரியிலும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் முன்பக்கம் நீட்டிய தொப்பி. காலையில் வடகடல் கரையில் கிழக்கே நடக்கும்போது சூரியன் நேராகக் கண்ணில் விழும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி. போனுக்கும் கேமராவுக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை.

காலைக்கடனை லாட்ஜிலேயே முடித்துவிடுங்கள். சுற்றுப்பாதையில் மறைவிடமே கிடையாது, பெண்களுக்கு அது பெரிய அவஸ்தை.

7. சுற்றை நடப்பது

இறங்கியதும் முதலில் தேவாலயம். கூட்டம் எட்டரைக்கு மேல்தான் வரும், அதற்கு முன் போனால் நீங்களும் இரண்டு ஆடுகளும்தான். எல்லாரும் எதிரே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் சுவரைத் தொடும் தூரத்துக்குப் போய் நில்லுங்கள். அது மலைக்கல் இல்லை, பவளக்கல். ஒரு கல்லில் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவிலிருந்து சுற்றி விரியும் மெல்லிய தகடுகள், பூவைக் குறுக்கே வெட்டினது போல. பக்கத்துக் கல்லில் மூளை மடிப்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள். அந்தக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் ஓர் உயிர் இருந்திருக்கிறது. காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் இந்த வேலைப்பாடு தெரியும். பத்து மணி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். முதல்முறை நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

சுவர் மேல் ஏறாதீர்கள், வளைவுக்கு அடியில் உட்காராதீர்கள். உப்புக்காற்று அரித்து உதிர்ந்துகொண்டிருக்கும் கல் அது. நகத்தால் சுரண்டினாலே மாவாக வரும். பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

அங்கிருந்து ரயில் நிலைய இடிபாடும் தண்ணீர்த் தொட்டியும் கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கு அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, வடகடலைப் பார்த்துத் திரும்புங்கள். இடையில் மீனவர் குடிசைகள் வரும். ஆள் இல்லாத ஊர் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே வீட்டு வாசலுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள். இது குடும்பங்கள் வாழும் ஊர். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வலை காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள், மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலில் தோண்டிய பள்ளங்களைப் பார்ப்பீர்கள். ஊத்து என்பார்கள். அக்காவைப் படுக்க வைத்த அன்று அந்த ஆச்சி குனிந்து சிரட்டையால் தண்ணீர் அள்ளியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு சிரட்டை அள்ளினால் பள்ளம் வற்றிவிடும். மணல் ஓரத்திலிருந்து கசிந்து மறுபடி ஒரு சிரட்டை அளவு ஊறும்வரை பொறுமையாக இருந்து, அடுத்ததை அள்ளுகிறார். இரண்டு பக்கமும் கடல், ஆனால் தண்ணீரில் உப்பே இல்லை. மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் ஆழமாகத் தோண்டமாட்டார்கள், தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்த வீடுகளுக்குக் குடிதண்ணீர் அதுதான். கால் கழுவவோ உள்ளே கையை விடவோ கூடாது. தாகம் என்றால் கேளுங்கள், தருவார்கள்.

வடகடல் கரையை அடைந்ததும் ஈர மணலில் நடங்கள். அலை தொட்டுப்போன இடம் கெட்டியாக இருக்கும், வேகமும் கிடைக்கும். இங்கே கிழக்கே திரும்ப வேண்டும். மேற்கே சதுப்பும் தேங்கு நீரும். அந்தப் பக்கம் குறுக்குவழி தேடாதீர்கள். முதல்முறை நான் செய்த பெரிய தப்பு அதுதான். மேலே காய்ந்து வெடித்த உப்புத் தரை மாதிரி தெரிந்தது. பத்தடி வைத்ததும் ஓடு உடைந்து கறுப்புச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினேன். இழுத்ததில் செருப்பு உள்ளேயே போய்விட்டது. அப்படி மாட்டினால் காலை உதறி இழுக்காதீர்கள். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெதுவாக எடுங்கள்.

சேறு மட்டும் காரணம் இல்லை. 2025 ஜூனில் தனுஷ்கோடியின் சதுப்பு நிலங்களைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. சரணாலயத்துக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். பூநாரைகளைச் சாலையோரமாக நின்று, பைனாகுலரில் பாருங்கள். கிட்டே போனால் கூட்டமாகக் கிளம்பிவிடும். இரை தேடும் நேரத்தில் அவற்றை வீணாகப் பறக்கவிடுவது பாவம்.

கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நடந்ததும் தென்பக்கமாகத் திரும்பினால் சாலை வரும். இதுதான் பாதிவழி. இங்கே ஒரு கணக்கு போடுங்கள்: மணி ஒன்பதைத் தாண்டிவிட்டதா, கையில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டதா, யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் தென்கடல் கரையை விட்டுவிட்டு வருகிற பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறிவிடுங்கள். எங்களுக்கு அன்று அக்கா "தலை வலிக்குதுடா" என்று சொன்னது இந்த இடத்தில்தான். "இன்னும் கொஞ்சம்தான்க்கா" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

தொடர்கிறவர்கள் சாலையைக் கடந்து தென்கடலுக்கு இறங்கலாம். சாலை ஓரத்தில் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் மேல் நடக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும். இந்தக் கடல் வேறு மாதிரி. வடகடல் குளம் போல இருக்கும் அதே காலையில் இங்கே அலை இடிக்கும். கரை சட்டென்று ஆழமாகிறது, இழுவையும் உண்டு. கால் நனைக்கலாம் என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். குளிக்க இது இடமே இல்லை.

வெயில் இப்போது முதுகில். அடம்பங்கொடி படர்ந்த மணலில் மிதித்து நடந்தால் கால் அதிகம் புதையாது என்பார்கள். ஆனால் மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான், விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். வலை கட்டிய பொரிப்பகமோ, மணலில் டிராக்டர் தடம் போன்ற ஆமைத் தடமோ தெரிந்தால் தள்ளி நடங்கள்.

8. போன்

இலங்கை டவர் சிக்னல் இங்கே வரும். "இலங்கைக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வந்தால் ரசித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் இணைப்பில் ரோமிங் திறந்திருந்தால் பணம் போகும். பஸ் ஏறும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வு செய்வதிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்து வையுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் 108. கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல்படை 1554, மரைன் போலீஸ் 1093. இந்த மூன்றையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.

வெயில் தாக்கினால் செய்ய வேண்டியது: நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, தோல் சுட்டுக்கொண்டே போனாலோ, நினைவு தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே 108.

9. எடுத்து வரக் கூடாதவை

கரையில் வெள்ளை வெள்ளையாகப் பவளத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். எடுக்காதீர்கள். செத்ததுதானே, சின்னதுதானே என்ற சமாதானம் செல்லாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. கடல் அட்டையும் அப்படியே. யாராவது பவளத்தை விற்க வந்தாலும் வாங்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். பிள்ளைகளின் சட்டைப்பையைப் பஸ் ஏறும் முன் ஒருமுறை பாருங்கள். மருமகள் பையில் மூன்று துண்டு இருந்தது. நானே அவளோடு போய்த் திரும்பக் கரையில் போட்டுவிட்டு வந்தேன்.

10. திரும்புதல்

காலையில் இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரங்களையும், மாலைக் கடைசி பஸ்ஸையும் கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் தங்க அறை கிடையாது, இருட்டிய பிறகு இருக்கவும் விடமாட்டார்கள். நடை முடிந்ததும் ஷூவைக் கழற்றி உதறி, சாக்ஸை மாற்றி, மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சர்ச் பக்கத்துக் கடையில் உட்காருங்கள். பங்குனி, சித்திரையில் நுங்கு கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். மீன் வறுவலை அங்கே விற்கும் ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள், விலையை முதலில் கேட்டுக்கொண்டு.

அரிச்சல்முனை பார்க்க வேண்டும் என்றால் நடைக்குப் பிறகு அதே பஸ்ஸில் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். நடுப்பகலில் அங்கே அரை மணி நேரம் தாராளம். லாட்ஜுக்கு வந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் உப்புப்போகக் குளித்து, கால் விரல் இடுக்கில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று மாலை வரை சிறுநீர் அடர்மஞ்சளாகவே போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடியுங்கள்.